உடைக்கத் துணிந்த கை

தைப் பொங்கல் நெருங்கும் நாட்களில் சிங்கப்பூர்ச் சிராங்கூன் சாலைப் பக்கம் சென்றிருக்கும் நேயர்கள், கேம்பல் லேனில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் மண்பானைகளைக் கண்டிருப்பார்கள். மஞ்சளும் சிவப்பும் பச்சையுமாய்ச் சாயம் தீட்டிய பானைகள். அருகே கரும்புக் கட்டும் மஞ்சட் கொத்தும் சாய்ந்திருக்கும். நம்மவர் ஒவ்வொருவரும் ஒரு பானையைக் கையிலெடுத்து, விரலால் ஒரு சுண்டு சுண்டி ஓசை பார்த்து, விலை பேசி வாங்கிச் செல்வார்கள். மறு வருஷம் வேறு பானை வரும். இதை வனைந்தவர் யார், இது எவ்வூர் மண், இதன் சுவர் அடிமுதல் கழுத்துவரை ஒரே கனமாய் எழுந்திருக்கிறதா என்று விசாரித்தவர் ஒருவரையேனும் நாம் கண்டதில்லை. நாமும் விலை மட்டும் விசாரித்து வந்தவர்தாம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறோம்.

அவ்விடத்திலிருந்து தெற்கே ஏறக்குறைய அரைமணி நேரம் நடந்தால், பழைய நகர மண்டபத்தையும் பழைய உச்ச நீதிமன்றத்தையும் ஒன்றாக்கி 2015-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட தேசியக் கலைக்கூடம் தோன்றும். அங்கே 2016-இல் தொடங்கி 2017-ஆம் ஆண்டின் தொடக்கம் வரை, இஸ்கந்தர் ஜலீல் என்னும் மலாய்க் கலைஞரின் மட்பாண்டங்களைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். காட்சியின் பெயர் 'கெம்பாரா தானா லியாட்', அஃதாவது களிமண்ணின் யாத்திரை. நாம் ஜோகூரில் ஒரு தோட்டத்துக் கிராணி. கிடைத்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பாலத்தைத் தாண்டிப் போய்ப் பார்த்து வந்தோம். பானை பார்க்கவா இவ்வளவு தூரம் என்று ஆபீஸ் நண்பர் நகைத்தார். அன்று கண்டதைப் பற்றி இத்தனை வருஷம் கழித்து எழுதப் புகுவானேன் எனின், அன்று தோன்றிய எண்ணம் ஒன்று இன்னும் நம்மை விட்டபாடில்லை. அது பானைகளைப் பற்றியது மட்டுமன்று.

முதலில் மனிதரைப் பற்றிச் சில சொற்கள். ஜலீல் பிறந்தது 1940-இல். தொழிலால் அவர் கணிதமும் விஞ்ஞானமும் போதித்த உபாத்தியாயர். சிங்கப்பூர் தனி நாடாகிய மறு வருஷம், 1966-இல், கொழும்புத் திட்டத்தின் உபகாரச் சம்பளம் பெற்று இந்தியாவுக்குச் சென்று, மகாராஷ்டிரத்தில் நூற்பும் நெசவும் பயின்றார். பின்னர் 1972-இல் அதே திட்டத்தின் கீழ் ஜப்பான் சென்று, தஜிமி என்னும் ஊரில் பீங்கான் தொழில் நுட்பம் கற்றார். தஜிமி, மினோ பாண்டங்கள் என்று பெயர்பெற்ற மட்கலங்களின் தாயகம். நூற்றாண்டுக் கணக்காகச் சூளைப் புகை ஓயாத பிரதேசம். திரும்பிவந்தவர் அநேக வருஷங்கள் தொழிற்கல்வி ஆசிரியராகவே ஊழியம் செய்தார். 1988-இல் சிங்கப்பூர் அரசாங்கம் அவருக்குக் கலாசாரப் பதக்கம் வழங்கிற்று. 2015-இல் ஜப்பானிய அரசாங்கம் உதயசூரியன் விருது அளித்தது.

இந்தச் சரித்திரத்தில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கலைஞர் ஆகு என்று சொல்லி அவரை எவரும் அனுப்பவில்லை. புதிய நாட்டுக்குத் தொழில் தெரிந்த வாத்தியார்கள் தேவைப்பட்டார்கள். ஆதலால் தறிக்கு ஒருமுறையும் சூளைக்கு ஒருமுறையும் அனுப்பினார்கள். அவர் கலையின் பலமும், நமது அபிப்பிராயத்தில் அதன் சங்கடமும், இந்த இடத்திலிருந்தே புறப்படுகின்றன.

காட்சியில் எல்லோரும் கூடி நின்றது நீலப் பாண்டங்களின் முன்னால். அவருடைய நீலத்துக்கு 'இஸ்கந்தர் நீலம்' என்றே பெயர் வழங்குகிறது. அந்த நீலத்தைப் பற்றிப் பேசுமுன், அது யாது பொருள் என்று சற்றே விளக்குதல் நலம். ஏனெனில் நம்மவரில் பலர் அதைச் சாயம் என்றே நினைக்கிறார்கள். நாமும் அப்படித்தான் நினைத்திருந்தோம்.

மட்பாண்டத்தின் மேல் பளபளக்கும் மெருகு உண்மையில் கண்ணாடியே. கண்ணாடிக்கு மூலமாகிய மணற்சத்து தனியே உருக வேண்டுமாயின் சுமார் 1,700 டிகிரி உஷ்ணம் வேண்டும். அவ்வளவு வெப்பத்தைப் பானையும் தாங்காது, சூளையும் தாங்காது. ஆனால் மரச் சாம்பலோ, சுண்ணாம்போ, பெல்ஸ்பார் என்னும் கல்லின் பொடியோ அதனுடன் கூடினால், 1,200 அல்லது 1,300 டிகிரியிலேயே இளகிவிடும். கூடவே கொஞ்சம் களிமண் கலந்திருந்தால், இளகிய குழம்பு பாண்டத்தை விட்டு வழிந்தோடாமல் ஒட்டி நிற்கும். இப்பொடிகளை நீரில் கரைத்து, அதில் பாண்டத்தை முக்கியெடுத்துச் சூளைக்குள் அடுக்கிவிடுவார்கள். தீ ஆறிய பின் வெளியே வருவது கண்ணாடித் தோல் போர்த்த மண். நிறம் தருவன உலோகங்கள். பீங்கானில் நீலத்துக்குப் பெரும்பாலும் கோபால்ட். நூற்றில் ஒரு பங்குகூட வேண்டியதில்லை. இரும்பு பழுப்பு நிறம் கொடுக்கும். செம்போ, காற்று நிறைந்த நெருப்பில் பச்சையாகும்; காற்றுக் குறைந்த புகை நெருப்பில் அதே செம்பு சிவந்துவிடும். சூளை மூடியிருக்கும்வரை உள்ளே என்ன நடக்கிறதென்று கண்ணால் காண முடியாது. கணக்கும் அனுபவமுமே துணை. கணித உபாத்தியாயர் ஒருவர் இத்தொழிலில் தேர்ந்ததில் ஆச்சரியம் என்ன!

இவ்விடத்தில் தோட்டத்து வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தக் கண்ணாடித் தோல் நமக்கு அந்நியமன்று. பால் மரத்தில் கட்டியிருந்த மண் மங்கை நினைத்துப் பாருங்கள். சிங்கப்பூரின் ஜூரோங் பக்கத்தில், மேட்டுச் சரிவில் பாம்புபோல் நீண்டு படுத்திருக்கும் விறகுச் சூளைகளைச் சீனர்கள் கட்டினார்கள். டிராகன் சூளை என்பது அவற்றின் பெயர். அவை சுட்டுத் தள்ளிய சரக்குகளில் முக்கியமான ஒன்று ரப்பர்த் தோட்டங்களுக்கான மங்கு. உட்புறம் மெருகிட்டதனால் பால் உறைந்தாலும் படலமாய் உரிந்து வந்துவிடும். அச்சூளைகளில் இன்று மிஞ்சியிருப்பவை இரண்டே. அவற்றுள் ஒன்றாகிய தாவ் குவாங் சூளை 1940-இல் கட்டப்பட்டது. பால் வெட்டிய நமது பாட்டியார், விளிம்பு உடைந்த மங்குகளை வீட்டுக்குக் கொண்டுவந்து உப்பும் புளியும் போட்டு வைத்திருந்தார்கள். ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் படித்துவந்த நாம், சிநேகிதர் வரும் நாட்களில் அவற்றை அடுப்புக்குப் பின்னே மறைத்து வைத்திருக்கிறோம். கலைக்கூடத்தில், விளக்கொளியில், உயர்ந்த பீடத்தின்மேல் ஜலீலுடைய பழுப்பு நிறப் பாண்டமொன்றைக் கண்டபோது நமக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த உப்பு மங்குதான். அதே பழுப்பு, மெருகு பாதியில் நின்று மண் வெளிப்படும் அதே விளிம்பு.

நிற்க. நீலத்துக்கு வருவோம். அது கண்ணைக் கவ்வுகிறதென்பதை மறுக்கவில்லை. மழை நின்ற மாலையில் கடலோரத்தில் காணும் நீலம். ஓரிடத்தில் கறுத்தும் ஓரிடத்தில் பச்சை பாய்ந்தும் இருக்கிறது. ஆயினும் அவர் பெருமை அந்த நீலத்தில் தங்கியிருப்பதாக நாம் கருதவில்லை. நீலம் மிகச் சீக்கிரம் நம்மைச் சம்மதிக்கச் செய்துவிடுகிறது. பாண்டத்தின் தோள் எப்படி வளைகிறது, அடி எப்படித் தரையில் உட்காருகிறது என்று பார்ப்பதற்குள் நிறம் நம்மை வாங்கிவிடுகிறது. மெருகே இல்லாத பாண்டங்களும், துருப்பிடித்த இரும்புபோலும் மரப்பட்டைபோலும் சொரசொரத்த பாண்டங்களும் அப்படியல்ல. அவை எதையும் மறைக்க முடியாதவை. திகிரியில் எழும்போது விரல் பதிந்த வரிகூட அவற்றில் தெரிகிறது. நீலப் பாண்டத்தின் முன் பத்துப்பேர் நின்ற நேரத்தில் இவற்றின் முன் ஒருவரும் இல்லை. நமக்கோ இவற்றின் முன்னால்தான் கால் நின்றது.

எழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சில பாண்டங்களின் உடம்பில் அவர் ஜாவி எழுத்துக்களைக் கீறியிருக்கிறார். படிக்கத் தெரிந்தவர்க்கு அது வாசகம். தெரியாத நமக்கு அது கோடு. கோடாகப் பார்த்தாலும் அது தாழவில்லை. மட்பாண்டத்தில் எழுத்துக் கீறுவது நமக்கும் பழைய வழக்கமே. 2015 முதல் அகழ்ந்துவரும் கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் ஆதன் என்பது போன்ற பெயர்கள் தமிழ் எழுத்தில் கீறப்பட்டிருக்கின்றன. சொந்தக்காரர் தம் பானை தமக்குத் தெரியவேண்டுமென்று கீறியிருக்கலாம். அன்று குயவனுக்கு வேட்கோ என்று பெயர். புறநானூற்றில் இரண்டு பாட்டுகள் தாழி வனையும் குயவனை நோக்கியே பேசுகின்றன. பிற்காலத்தில் அவன் நிலை இறங்கியதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

நம் நாட்டுக் குயவர் கண்ணாடி மெருகைக் கைக்கொள்ளாததற்கு அவர் அறியாமையைக் காரணம் சொல்வது நியாயமாகாது. மெருகில்லாத பானையில் நீர் கசிந்து ஆவியாகும். அதனால் உள்ளே நீர் குளிரும். வெயில் நாட்டுக்கு அதுவே உத்தமம். ஆனால் மற்றொரு காரணமும் உண்டு. வாய் வைத்த மட்கலம் தீட்டென்று எறிந்துவிடும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலம் இருந்தது. நாளை எறியப்போகும் கலத்தை இன்று அழகு செய்வார் யார்? அவர் கைத்திறமெல்லாம் எறியப்படாத இடத்துக்குப் போயிற்று. அய்யனார் கோயில் வாசலில் ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் மண்குதிரைகளைப் பார்த்தவர் இதை அறிவர். புதுச்சேரியில் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்னும் அமெரிக்கர் இருவர் 1971-இல் கோல்டன் பிரிட்ஜ் என்ற பட்டறையைத் தொடங்கி, மெருகிட்ட கனத்த பாண்டங்களைச் செய்யலாயினர். அங்கே மண் மிதித்ததும் சூளை அடுக்கியதும் தமிழர் கைகளே.

இனி நமது ஆட்சேபம். ஜலீலுடைய தேநீர்ச் சாடிகள் பலவற்றுக்குக் கைப்பிடி மரக்கிளை. வளைந்த சுள்ளி ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பாண்டத்தின் காதுகளில் பொருத்திவிடுகிறார். இதைப் புகழாதவர் இல்லை. காட்டையும் களிமண்ணையும் ஒன்று சேர்த்தார் என்கிறார்கள். பெரிய ஜாடிகளில் அது பொருந்துகிறது; கிளையின் முடிச்சும் ஜாடியின் தோளும் ஒன்றோடொன்று பேசுவதுபோல் இருக்கின்றன. தேநீர்ச் சாடியில் நமக்குச் சந்தேகம் வருகிறது. கொதிநீர் நிறைந்த சாடியை அந்தச் சுள்ளியை நம்பித் தூக்குவோமா? ஒரு சாடியின் கிளை, சாடியைவிட இரண்டு பங்கு உயரம் எழும்பி நின்றது. பார்வைக்கு இன்பம், கைக்குப் பயம். பயன்படுதலே மட்பாண்டத்தின் தருமம் என்ற வழியில் வந்தவர், ஓரோர் இடத்தில் அத்தருமத்தைக் கண்ணுக்காக விட்டுக்கொடுத்திருக்கிறார் என்று சொல்லத் துணிகிறோம். இதற்குக் குற்றவாளி அவர் ஒருவரேயல்லர். பாண்டத்தைப் பீடத்திலேற்றி, தொடக்கூடாது என்று விதி செய்துவிட்டால், அதன் பிறகு கைப்பிடி கைக்காக இருக்க வேண்டிய அவசியம் என்ன? மண்ணைத் தொட்டே வளர்ந்த ஒரு கலையைத் தொடாமல் பார்த்துவிட்டு வந்தோம். எந்தப் பாண்டம் கனம், எது இலேசு என்று இன்றுவரை நமக்குத் தெரியாது. விமர்சனம் எழுதுகிறவனுக்கு இது சிறு குறையன்று.

அவருடைய பெயரோடு சேர்ந்து வழங்கும் மற்றொரு செய்திக்காகவே இக்கட்டுரையை எழுதத் தொடங்கினோம். மாணவர் வனைந்த பாண்டம் தரத்தில் குறைந்திருந்தால் ஜலீல் அதை உடைத்துவிடுவார் என்பது பிரசித்தம். சுவர் தடித்ததா, அடி கோணியதா, மூடி பொருந்தவில்லையா, உடைந்தது. மாணவர் அழுதாலும் சரி. இதைக் கேட்டவர்களில் பாதிப்பேர் இவர் ஆசிரியரா அல்லது அரக்கரா என்கிறார்கள். நமக்கும் ஆரம்பத்தில் மனம் கசந்தது. பழகுகிறவன் கையை முறிப்பதுபோல் அல்லவா இது?

ஆனால் அவர் உடைப்பது பாண்டத்தை, மாணவனை அன்று. பச்சை மண்ணாயிருக்கையில் உடைத்தால் மறுபடி நீர் விட்டுப் பிசைந்து அதே மண்ணில் வேறு பாண்டம் எழுப்பலாம். சுட்டபின் மண்ணுக்குத் திரும்புதல் இல்லை. கோணல் கோணலாகவே ஆயிரம் வருஷம் கிடக்கும். கீழடி ஓடுகள் கிடந்தது போல. ஆகையால் குறையைச் சூளைக்கு முன் சொல்லுவதே தயை. இந்தத் தயையை நம் தமிழ்ச் சபைகளில் யார் யாருக்குச் செய்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தோம்.

நமது சொந்த அனுபவம் ஒன்றை வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறோம். இருபத்திரண்டாவது வயதில் நாம் சில கவிதைகள் எழுதினோம். ஒரு சங்கத்தார் அவற்றை அச்சிட்டு, மேடையேற்றி, பொன்னாடையும் போர்த்தினார்கள். தலைமை வகித்த கனவான் நம்மைப் பெரும் புலவர்களோடு ஒப்பிட்டுப் பேசினார். புத்தகத்தை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது அவர் சொன்ன தலைப்பு தவறாயிருந்ததிலிருந்து தெரிந்தது. பேசிய ஐவரில் ஒருவரேனும், தம்பி, இரண்டாவது பாட்டில் சொல்லும் பொருளும் ஒட்டவில்லை, கிழித்துவிட்டு மறுபடி எழுது என்று சொல்லியிருந்தால், அன்றிரவு நமக்குத் தூக்கம் வந்திராது. மறு வருஷம் ஒரு நல்ல பாட்டு வந்திருக்கலாம். நாம் ஐந்து வருஷம் அதே கோணல் பானைகளை வனைந்துகொண்டிருந்தோம். கைதட்டல் மட்டும் குறையவில்லை. பிறகு நாமே ஒருநாள் அவற்றை எடுத்து வாசித்துப் பார்த்துத் தலைகுனிந்தோம். கணக்குப் புத்தகத்தில் ஒரு சதம் தவறினால் மானேஜர் பக்கத்தையே திருப்பி எழுதச் சொல்கிறார்; அதை அநியாயமென்று நாம் ஒருநாளும் முறையிட்டதில்லை. கவிதைக்கு மட்டும் அந்த மரியாதை கிடையாதா?

சிறுபான்மையாய் வாழும் ஜனங்கள், எழுதுகிறவர் சொற்பம், அவர்களையும் கடிந்துகொண்டால் எழுதுவார் யார் என்று நண்பர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஜலீலும் ஒரு சிறிய நாட்டில், அதிலும் சிறுபான்மையினருள் ஒருவராயிருந்தே இந்த வழக்கத்தை நடத்தினார். அவருடைய மாணவர்கள் ஓடிப் போய்விடவில்லை. அவரிடம் பழகியவர்களில் தாமே பட்டறை வைத்துத் தொழில் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர் உடைத்தார் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு கோலோடு புறப்படும் விமர்சகர்களுக்கும் ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் உடைக்குமுன் திகிரியில் அமர்ந்து வனைந்து காட்டக் கூடியவர். ஒரு பாட்டும் எழுத முயன்றறியாதவர் பிறர் பாட்டை உடைப்பது வேறு விஷயம். நம்மையும் சேர்த்தே சொல்லுகிறோம்.

காட்சி பார்த்துத் திரும்பிய இரவு, பாட்டியாருடைய மங்குகள் எங்கே என்று வீட்டில் கேட்டோம். லயத்து வீட்டை விட்டு வந்தபோது எல்லாவற்றையும் எறிந்தாயிற்று, ஒன்று மட்டும் கோழிக்குத் தண்ணீர் வைக்க இருக்கிறது என்றார் தாயார். அதைக் கழுவி எடுத்துவந்து ஆபீஸ் மேஜைமேல் வைத்திருக்கிறோம், குண்டூசிகள் கிடக்கின்றன. உள்ளே மெருகு ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் ஓடியிருக்கிறது. அடியில் ஒரு துளி வழிந்து உறைந்து நிற்பதால் மேஜையில் சற்றே ஆடும். ஆயிரக்கணக்கில் சுட்டுத் தள்ளிய சரக்கு. ஆட்டத்தைப் பார்க்க அன்று எவருக்கு நேரம்? ஜலீல் வாத்தியார் கையில் அகப்பட்டிருந்தால் இதை உடைத்திருப்பார் என்றே நினைக்கிறோம். பாட்டியார் அதற்கடியில் ஒரு காகிதத்தை மடித்து வைத்து ஆட்டத்தை நிறுத்தியிருந்தார்களாம், தாயார் சொன்னார்.